வெறும் வயிற்றோடு மலையேறியவன்

மேடம்,

இன்று காலை கரியாலூர் மலைக்கு பஸ்ஸை எடுத்தபோது, முன் சீட்டில் ஒரு பெண் கைக்குழந்தைக்கு ஓமவாட்டர் புகட்டினாள். வாசனை ஸ்டியரிங் வரைக்கும் வந்தது. ஒரு காலத்தில் சீட்டுக்கடியில் அந்த பாட்டில் இல்லாமல் நான் வண்டி ஏறியதில்லை. உங்கள் ஞாபகம் வந்துவிட்டது.

மலைப்பாதையில் ஒருமுறை வயிற்றைக் கலக்கி, பஸ்ஸை நிறுத்திவிட்டுப் புதருக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது வண்டியே சிரித்தது. அதற்குப் பிறகு முதல் வளைவைப் பார்த்தாலே வயிறு புரளும். சாப்பிட்டால்தானே வம்பு என்று பட்டினியாகவே ஓட்டினேன். தின்றது எதுவோ உள்ளே சிக்கியிருக்கும் என்று தொக்கம் எடுத்தேன், தொண்டையிலிருந்து எதையோ எடுத்துக் காட்டினார்கள், கலக்கல் மட்டும் நிற்கவில்லை. டெப்போவில் என்னை வண்டியை விட்டே இறக்கிவிடுவார்களோ என்ற பயம் வேறு. குழாய் விட்டுப் பார்த்த வயிற்று டாக்டர், குடலில் புண் ஏதும் இல்லை என்று சொல்லி, மனநல ஆலோசகரான உங்கள் அறையைக் காட்டினார்.

"எனக்குக் கோளாறு வயித்துலங்க, மண்டையில இல்ல" என்று வாசலிலேயே சொன்னேன்.

"தெரியும்ணே. ஆனா வயிறும் மூளையும் எந்நேரமும் பேசிக்கினே இருக்குதுங்க. நீங்க பயந்தா அது கலங்குது, அது கலங்குனா நீங்க பயப்படறீங்க. கலக்கல் பொய்யில்ல" என்றீர்கள். "காலைல இன்னா சாப்டீங்க?"

"ஒண்ணும் இல்லீங்க."

"பட்டினியும் கெடந்துகினு பயத்தையும் அந்த வயிறே சுமக்கணுமா?"

அடிவயிறு எழும்ப மூச்சு விடச் சொல்லிக் கொடுத்தீர்கள். புரளும்போது, எதற்குப் புரள்கிறாய் என்று வயிற்றையே கேட்கச் சொன்னீர்கள். காலையில் ஓர் இட்லி, பிறகு இரண்டு. கொஞ்சம் தேறியதும், "ஒருநாள் மலைப்பாதைல வேணும்னே வண்டிய நிறுத்துங்க, யாரு சிரிக்கறாங்கன்னு பாக்கலாம்" என்றீர்கள். முடியாது என்றேன். நீங்களே டிக்கெட் வாங்கிக்கொண்டு என் பின்னால் வந்து உட்கார்ந்தீர்கள்.

பாதி மலையில் ஓரம் கட்டினேன். வயிறு சும்மாதான் இருந்தது. "அஞ்சு நிமிஷம் நிக்கும். ஒதுங்கறவங்க ஒதுங்கலாம்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. கண்டக்டர்தான் முதலில் இறங்கினார். அவர் பின்னாலேயே பாதி வண்டி இறங்கியது. பெரியவர் ஒருவர், "இத்தினி நாளா அடக்கிக்கினுதான்யா போய்க்கினு இருந்தோம். முன்னாடியே நிறுத்தக்கூடாதா?" என்று என்னைக் கடிந்துகொண்டார். நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். வேலை எனக்கு நிலைத்தது.

பிறகு ஒருநாள், காய்ச்சல் என்று படுத்த நீங்கள் எழவே இல்லை என்ற செய்தி டெப்போவுக்கு வந்தபோது, என் கையில் இட்லிப் பொட்டலம் இருந்தது. வயிறு பழையபடி புரண்டது. மூச்சை இழுத்து விட்டுப் பார்த்தேன், அடங்கவில்லை. நமக்கு மறுபடி வந்துவிட்டது, இனி ஓட்ட முடியாது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு, நீங்கள் கேட்கச் சொன்னதுபோல், எதற்குப் புரள்கிறாய் என்று வயிற்றைக் கேட்டேன். வளைவு எதுவும் எதிரில் இல்லை. இது பயமில்லை மேடம், துக்கம். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, இட்லியை மெதுவாக மென்று விழுங்கிவிட்டு, வண்டியை எடுத்தேன்.