ஆறு வெற்று வரிகள்

கும்மிடிப்பூண்டி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள ஹேமாவதிக்கு,

இங்கு நான் நலம். இந்தூரில் நீயும் பூமிகாவும் மாப்பிள்ளையும், எல்லோரையும் ஆட்டிவைக்கும் பேத்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் நான் ‘ம்’, ‘சரி’ என்ற இரண்டைத் தவிர எதுவும் பேசுவதில்லை என்று பூமிகாவிடம் குறைபட்டாயாம். குறை நியாயமானதுதான். போனைக் காதில் வைத்ததும் சொல்ல நினைத்தவை வரிசை மாறிவிடுகின்றன. அதனால் எழுதுகிறேன். எழுதப்போவது இவை:

1. வீடும் என் உடம்பும்.
2. நம் ஆபீஸில் எல்லோரும் ஒரே மாதிரி கம்ப்யூட்டர் கோட் எழுத ஒப்புக்கொண்ட கதை.
3. அதனால் உன் வரிகளுக்கும் உன் பெயருக்கும் நேர்ந்தது. (முடிவு நல்ல முடிவுதான். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.)
4. நீ திரும்பி வருவது பற்றி. அவசரம் ஒன்றும் இல்லை. குழந்தை நடக்கும்வரை இருந்துவிட்டு வா.

முதலாவது சுருக்கமாக. பிரஷர் மாத்திரையை வேளை தவறாமல் போடுகிறேன். துளசிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன், சில நாள் இரண்டு முறை ஊற்றிவிடுகிறேன், அது போதாதா அதிகமா என்று தெரியவில்லை. பழவேற்காட்டிலிருந்து மீன் கொண்டுவரும் முத்தம்மாவிடம் போன வாரம் இறால் கேட்டேன். “அம்மா இல்லாத ஊட்ல இறாலை வாங்கி இன்னா பண்ணப் போற நைனா, மொகத்தைப் பாத்துக்கினு இருக்கவா?” என்று கேட்டுவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் கேட்டதும் நியாயம்தான். முட்டையோடு நிறுத்திக்கொண்டேன்.

இனி இரண்டாவது. உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். வரிசையாகச் சொன்னால்தான் எனக்கே புரியும்.

நீ இருந்தபோதே மதனுக்கும் அஸ்வினிக்கும் முட்டல் மோதல்தான். லாரிகளை எடைபோடும் நம் வேபிரிட்ஜ் புரோகிராம் ஒன்றுதான். இங்கே மதன் ஆட்கள் சிப்காட் கம்பெனிகளுக்காக அதில் வேலை செய்கிறார்கள். திருவள்ளூர் ஆபீஸில் அஸ்வினியின் ஆட்கள் அரிசி ஆலைகளுக்காக அதே கோட்டில் வேலை செய்கிறார்கள். மதன் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் டேப் பட்டனைத் தட்டி இடம் விடுவான். அஸ்வினி நான்கு ஸ்பேஸ் விட்டுத் தொடங்குவாள். அடைப்புக்குறியை இவன் ஒரு இடத்தில் வைத்தால் அவள் வேறு இடத்தில் வைப்பாள். நீ போன பிறகு இரண்டு பக்கமும் கோட் எழுதப் புது எடிட்டர் மென்பொருள் போட்டார்கள். அது ஃபைலைச் சேமிக்கும்போது தன்னை வைத்திருப்பவரின் வழக்கப்படி மொத்தத்தையும் தானே அடுக்கிவைத்துவிடும். காலையில் அவன் எடிட்டர் அடுக்கியதை மாலையில் இவள் எடிட்டர் கலைத்து அடுக்கும். ஒரு வரி மாற்றியவன் நானூறு வரி மாற்றியதாகக் காட்டும். உண்மையில் எதை மாற்றினார்கள் என்று கண்டுபிடிப்பதற்குள் டீ ஆறிப்போகும்.

கடைசியில் நம் முதலாளி பாஸ்கருக்கே பொறுமை போய்விட்டது. “பங்காளிங்க மாதிரி இன்னாத்துக்குய்யா அட்ச்சிக்கிறீங்க? இந்த மாசத்துக்குள்ள ஒரே மாதிரி எழுதக் கத்துக்கினா சரி. இல்லாங்காட்டி கோட்டை ரெண்டா ஒட்ச்சி ஆளுக்கு ஒண்ணு குட்த்துடுவேன், எடுத்துக்கினு போய்க்கினே இருங்க” என்றார். அதோடு விட்டிருந்தால் தேவலை. என் பக்கம் திரும்பி, “சார், நீங்க எந்தப் பக்கமும் சேராத ஆளு. ஒக்காந்து பேசி ஒரு விதி எழுதிக் குடுங்க” என்றார்.

என்னை உனக்குத் தெரியும். சட்டைக் கடையில் இரண்டு நீலத்துக்கு நடுவில் நின்றுவிடுகிறவன். வாரத்துக்கு மூன்று நாள் போய்க் கையேடு எழுதிக் கொடுக்கிறவன். கோட் எழுதியவள் நீ. இத்தனை வருஷத்தில் அந்தக் கோட்டில் ஒரு வரியிலும் என் பெயர் கிடையாது. நான் விதி எழுதினால் யார் கேட்பார்கள்? ஆனால் பிரித்துவிட்டால், நீ பார்த்துப் பார்த்துக் கட்டியது இரண்டு துண்டாகிவிடும். ஆகவே மறுக்கவில்லை. மறுக்கத் தைரியம் வரவில்லை என்பதும் ஒரு காரணம்.

போன வாரம் சனிக்கிழமை இங்கே கூட்டம். அஸ்வினி செவ்வாப்பேட்டையில் ரயிலேறி, பேசின் பிரிட்ஜில் மாறி, வியர்த்து வந்து சேர்ந்தாள். “உங்க ஊருக்கு வர்றதுக்குள்ள ஆந்திராவே வந்துடும் போலக்கீது சார்” என்றாள். மதன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “ரயில்லயும் நாலு ஸ்பேஸ் வுட்டுத்தான் ஒக்காந்துனு வந்தியா?” என்றான். நான் விதிகளைப் பற்றிப் பேச்செடுக்கும் முன்பே கூட்டம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

அப்போது ஒன்று நடந்தது. இரண்டு பக்கத்துக் கோட்டிலிருந்தும் மாதிரிக்கு ஒவ்வொரு பக்கம் அச்செடுத்துப் போயிருந்தேன். மேலே எது யாருடையது என்று தலைப்புப் போட்டிருந்தேன். தாள் அளவைச் சரியாகக் கொடுக்கவில்லை போலிருக்கிறது, இரண்டிலும் தலைப்பு வெட்டுப்பட்டு வந்திருந்தது. மேஜையில் பரப்பிய பிறகுதான் கவனித்தேன். எனக்கு வெட்கமாகிவிட்டது. மன்னிப்புக் கேட்பதற்குள் மதன் ஒரு தாளை எடுத்து, “இத பாருங்க சார். எவ்ளோ நீட்டா கீது! பாத்தாலே தெரியல, நம்ப ஏரியா கோட்டுன்னு?” என்றான். அஸ்வினி எட்டிப் பார்த்தாள். பிறகு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள், சிரித்தாள், அப்படிச் சிரித்தாள். அது அவள் எழுதியது.

மதன் கொஞ்ச நேரம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “சரி வுடு, நாலு ஸ்பேஸே வச்சிக்க” என்றான். அவள் உடனே, “அடைப்புக்குறி உன் இஷ்டம், எட்த்துக்கோ” என்றாள். அதற்குப் பிறகு கல்யாண வீட்டுத் தாம்பூலம் மாதிரி ஒருவருக்கொருவர் விதிகளை விட்டுக்கொடுத்தார்கள். ‘எப்போதாவது தேவைப்படும்’ என்று எல்லோரும் பழைய வரிகளை அழிக்காமல் முடக்கிவைத்திருந்தார்களே, அவற்றையும் எடுத்துவிட ஒப்புக்கொண்டார்கள். நான் ஒரே ஒரு விதி சொன்னேன். எந்த ஃபைலின் முடிவிலும் வெற்று வரிகள் இருக்கக்கூடாது, பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்றேன். ஒருவரும் எதிர்க்கவில்லை. அன்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, அதை உன்னிடம் மறைப்பானேன்.

இனி மூன்றாவது.

ஒப்புக்கொண்டபடி எல்லா ஃபைலையும் ஒரே கட்டளையில் மிஷினே சீர்செய்துவிடும். யார் கட்டளை கொடுப்பது என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு வரியிலும் கடைசியாகக் கை வைத்தவர் யார் என்று ஓரத்தில் பெயர் காட்டுமே, கட்டளை கொடுப்பவர் பெயர் அத்தனை வரியிலும் ஏறிவிடும். “மதன் பேரு என் வரியில வந்தா நான் வேலையை வுட்டுடுவேன் சார்” என்றாள் அஸ்வினி. “எனக்கு மட்டும் உன் பேரை டெய்லி பாக்கணும்னு வேண்டுதலா?” என்றான் மதன். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

நான் உன்னுடைய சிலிப் ஃபைல்களை மட்டும் விட்டுவிடலாமா என்று கேட்டேன். எடைச்சீட்டு அச்சடிக்கும் அந்தப் பகுதி முழுக்க நீ எழுதியது. திறந்தால் ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஹேமாவதி, ஹேமாவதி என்று உன் பெயர் மட்டுமே இருக்கும். நீ போன பிறகு சில மதியங்களில் வேலை ஒன்றும் இல்லாமலே அதைத் திறந்து வைத்திருப்பேன். அதைச் சொல்ல முடியுமா? “ஒரு ஃபைலை வுட்டா, நாளைக்கு எல்லாரும் அவங்கவங்க ஃபைலுக்கு லீவு கேப்பாங்க சார்” என்றாள் அஸ்வினி. அது சரிதானே. நானே கட்டளையைக் கொடுத்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. உன் ஃபைலைத் திறந்து பார்த்தேன். துளசிராமன், துளசிராமன், துளசிராமன். நீ கட்டிய வீட்டின் வாசலில் என் பெயர்ப் பலகையை நானே அடித்துவிட்டு வந்தது போல இருந்தது. அன்று சாப்பாடு இறங்கவில்லை. போனில் நீ கேட்டபோது வெயில் என்று சொன்னேன்.

திங்கட்கிழமை காலை மதன், “இன்னா சார், நாங்க வருசக்கணக்கா எழுதுனதை ஒரே நாள்ல மொத்தமா எழுதி முட்ச்சிட்டீங்களே!” என்று கும்பிட்டான். சிரிக்க முயன்றேன். அதற்குள் ஒரு கம்பி ஆலையிலிருந்து போன். சிலிப் பிரிண்டர் மக்கர் செய்கிறதாம், வாசலில் லாரிகள் நிற்கின்றனவாம். நானும் மதனும் ஓடினோம்.

அங்கே முதல் வண்டிக்காரர் தானியேல் என்று ஒருவர், பாதி கிழிந்த சிலிப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். “முன்னெல்லாம் தானா வெளிய வந்து நிக்கும் சார். இப்ப வெக்கப்பட்டுக்கினு உள்ளயே கீது. இழுத்தா கிழியுது. பேஜாரா பூட்ச்சி” என்றார். அச்சில் தவறே இல்லை. எடை சரி, வண்டி எண் சரி. அச்சடித்து முடித்ததும் தாள் கிழிக்கும் இடம்வரை நகராமல் நின்றுவிடுகிறது. மதன் பிரிண்டரில் தாள் நகர்த்தும் பட்டனை ஒவ்வொன்றாக அழுத்தினான். ஆறாவது அழுத்தலில் தாள் சரியாக வந்து நின்றது. “ஆறு வரி சார். எங்கயோ ஆறு வரி காணாப் பூட்ச்சி” என்றான்.

அது எந்த ஆறு வரி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உன் சிலிப் அச்சு மாதிரியின் முடிவில் ஆறு வெற்று வரிகள் இருந்தன, ஹேமா. எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அவசரத்தில் எண்டர் பட்டனில் கையை வைத்து அழுத்திவிட்டாள் என்று நினைத்திருக்கிறேன். தாள் நகரத்தான் அவை என்று இத்தனை காலமும் கையேடு எழுதியவனுக்குத் தெரியவில்லை. என் அழகான விதி அவற்றைத் துடைத்துவிட்டது. தானியேலிடம் தவறு என்னுடையது என்று சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, “நீங்க தப்பு பண்ணேன்னு சொன்னா யாரு சார் நம்புவாங்க?” என்று சிரித்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார்.

அங்கேயே மதனின் லேப்டாப்பில் உட்கார்ந்து ஆறு முறை எண்டர் அழுத்தினேன். அந்த ஒரு ஃபைலுக்கு மட்டும் என் விதி செல்லாது என்றும் எழுதிவைத்தேன். வரிசை நகர்ந்தது.

அந்தச் சூட்டில் எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது. திருவள்ளூருக்குப் போன் போட்டு, ஹேமாவதியின் பெயர் அவள் வரிகளுக்குத் திரும்ப வேண்டும், எனக்கு வேறு எதுவும் வேண்டாம் என்று அஸ்வினியிடம் கேட்டேன். கொஞ்சம் கூடுதலான சத்தத்தில் கேட்டுவிட்டேன் என்று நினைக்கிறேன். மதன் பிரிண்டரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான்.  அந்தப் பக்கம் அஸ்வினி, “அய்யோ, இதுக்கா சார் கொரலே இல்லாம சுத்திக்கினு இருந்தீங்க? பேரு காட்டும்போது நீங்க சீர்பண்ண வேலையைக் கணக்குல எடுக்காதேன்னு மிஷினுக்கு ஒரு ஃபைல்ல ஒரு வரி எழுதிட்டாப் போதும். நான் இன்னிக்கு எழுதறதாத்தான் இருந்தேன். மொதல்லயே கேட்டிருக்கலாம்ல!” என்றாள்.

மதியம் ஆபீஸ் திரும்பி ஃபைலைத் திறந்தேன். ஹேமாவதி, ஹேமாவதி. வரிசை எல்லாம் சீராக, அடைப்புக்குறி எல்லாம் மதன் சொன்ன இடத்தில், ஸ்பேஸ் எல்லாம் அஸ்வினி சொன்னபடி, பெயர் மட்டும் உன் பெயர். விட்டுப்போயிருக்குமோ என்று கடைசிவரை ஓட்டிப் பார்த்தேன். எதுவும் விட்டுப்போகவில்லை. சிலிப் அச்சு மாதிரியையும் திறந்தேன். அதில் உன் வரிகள் முடிகிற இடத்துக்குக் கீழே, ஆறு வெற்று வரிகளில், துளசிராமன் என்று இருந்தது. காலையில் நான் அழுத்தியவை. நம் இருவர் பெயரும் ஒரே ஃபைலில் வருவது இதுதான் முதல் தடவை. உன் எழுத்துக்குக் கீழே என் பங்கு வெறும் காலி இடம். ஆனால் அது இல்லாவிட்டால் தாள் நகராது. இதை யாரிடமும் சொல்லவில்லை. தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன், மதன் வந்து எனக்குக் காய்ச்சலா என்று கேட்டான்.

இப்போது ஒரு வரி மாற்றினால் ஒரு வரிதான் மாறியதாகக் காட்டுகிறது. பாஸ்கர் இரண்டு ஆபீஸையும் கூட்டி பிரியாணி போட்டார். கோட் ஒன்றாகவே இருக்கும் என்று கையைக் கழுவிக்கொண்டே அறிவித்தார். மதனும் அஸ்வினியும் லெக் பீஸுக்குச் சண்டை போட்டார்கள். அதற்கு விதி எழுதச் சொல்லிவிடுவார்களோ என்று நான் சீக்கிரமே எழுந்துவிட்டேன்.

நான்காவது பற்றி எழுதத்தான் நேரம் எடுக்கிறது. பூமிகா அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். குழந்தை நாற்காலியைப் பிடித்தபடி நாலு எட்டு வைத்துவிட்டாளே! விழாமல் நடக்கட்டும், உன் சாமர்த்தியமும் பூமிகாவின் நிறமும் மாப்பிள்ளையின் பொறுமையும் அவளுக்கு வரட்டும். என்னிடமிருந்து எதுவும் வர வேண்டாம், வந்தால் கையெழுத்து மட்டும் வரட்டும்.

நேற்று மதன் உன் ஃபைலில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தவன், “பேரு வந்துட்ச்சி சார், மேடம் எப்ப வர்றாங்க?” என்று கேட்டான். அவசரமில்லை, குழந்தை நடக்கட்டும் என்று சொன்னேன். சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தேன். உன் பெயர் அதன் இடத்தில் வந்துவிட்டால் எனக்குப் போதும் என்றுதான் அந்த இரண்டு நாளும் நினைத்திருந்தேன். வந்துவிட்டது. போதவில்லை.

கையெழுத்துப் போடும் முன் இந்தக் கடிதத்தை முதலிலிருந்து சரிபார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று சரி. நான்காவது தவறு, ஹேமா. அவசரம் இருக்கிறது.

இப்படிக்கு,
உன்
துளசிராமன்