சூடு தெரியாத கை

அன்புள்ள மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்குவதுதான் வழக்கம், இன்றைக்கு அந்தப் பொய்யை எழுதக் கை வரவில்லை. நீ நலமாக இருப்பாய், இருக்கவும் வேண்டும், அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. போனில் பேசாமல் அம்மா ஏன் காகிதத்தில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறாள் என்று நினைப்பாய். போனை எடுத்தால் உன் அப்பா பக்கத்திலேயே வந்து நின்றுகொள்கிறார், எனக்கும் உன் குரலைக் கேட்டதும் கோபம் பாதியாகி அழுகை வந்துவிடுகிறது. இந்தத் தடவை கோபம் குறையாமல் உன்னிடம் வந்து சேர வேண்டும். உட்கார்ந்து படி, வகுப்புக்கு நேரமாச்சு என்று பாதியில் வைக்காதே.

போன வாரம் நம் பேக்கரியில் கல்லாவிலிருந்து எழுந்து உள்ளே போனால், மாவு சிந்திய தரையில் அடுப்படியிலிருந்து மேஜை வரைக்கும் சிவப்புச் சிவப்பாகக் கறை. ஜாம் டப்பாவைக் கவிழ்த்துவிட்டு மிதித்துக்கொண்டு திரிகிறார் என்று கேக் மாஸ்டரைப் பிடித்துக் கத்து கத்தென்று கத்தினேன். பாவம் அந்த மனுஷன், குனிந்து தொட்டுப் பார்த்துவிட்டு, அக்கா இது ஜாம் இல்ல என்றார். உடைத்த மரப்பெட்டியிலிருந்து சிதறிய ஆணி ஒன்று உன் அப்பாவின் செருப்பைத் துளைத்துக்கொண்டு கட்டைவிரலுக்கு அடியில் ஏறியிருந்தது. காலையிலிருந்து அதன் மேலேயே நின்று ரொட்டி சுட்டிருக்கிறார், தெரியவில்லையாம். குறட்டால் பிடுங்கி எறிந்துவிட்டு, ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு, அடுத்த தட்டை வெறுங்கையால் இழுக்கப் போய்விட்டார். டாக்டரிடம் போகலாம் என்று தொண்டை கிழியச் சொன்னேன், வலிச்சாத்தானே போகணும் என்று பதில். இப்போது விரல் கறுத்துவிட்டது.

நேற்று இழுக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் இவரைக் கண்ணை மூடச் சொல்லி, மீன் பிடிக்கிற நைலான் நூல் மாதிரி ஒன்றால் உள்ளங்காலில் அங்கங்கே குத்திப் பார்த்தார், பட்டதும் சொல்லுங்கள் என்றார். எல்லா இடமும் குத்தி முடித்து நூலை மேஜையில் வைத்தாயிற்று, இவர் கண்ணை மூடியபடியே, எப்ப சார் ஆரம்பிப்பீங்க என்கிறார். சர்க்கரை பல வருஷமாக இருந்திருக்கிறது, கவனிக்காமல் விட்டதில் கால் நரம்பும் கை நரம்பும் கெட்டுவிட்டன, சீழ் எலும்பைத் தொட்டுவிட்டது, விரலை எடுத்தால் பாதம் தப்பும், தள்ளிப்போட்டால் பாதமே போகலாம் என்றார் டாக்டர். உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து நீ எடுத்த வீடியோவைப் போட்டுக் காட்டினார். அதுதான், போன தடவை வந்தபோது, கொதிக்கிற தட்டை அவர் வெறுங்கையால் அடுப்பிலிருந்து உருவ, பின்னால் நீ இடுக்கி மாஸ்டர் இன்னொரு தடவை என்று கத்திச் சிரிக்கிறாயே, அது. இடுக்கியே வேண்டாத கை என்று பேக்கரிக்காரர்கள் வைத்த பட்டப்பெயரைச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பிப் பரப்பியது நீதான். அதைக் காட்டி டாக்டரிடம் சொல்கிறார், என் பொண்ணு நர்ஸ் பிள்ளைங்களுக்கு நரம்புப் பாடமே நடத்துறா சார், அவளே பார்த்துச் சிரிச்சிட்டுத்தான் போனா, வியாதின்னா சொல்லியிருக்க மாட்டாளா என்று. டாக்டர் என்னைப் பார்த்தார். முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது சொல்.

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறதடி. நீ படிக்கிற காலத்தில் பாடம் ஒப்பிக்க என்னைத் தவிர யார் கிடைத்தார்கள் உனக்கு? மாவு மேஜையில் விரலால் கோடு போட்டுத்தானே காட்டினாய், இது மூளை, இது முதுகெலும்புக்குள் இறங்கும் தண்டுவடம், இதிலிருந்து கிளை பிரிந்து விரல் நுனி வரை போவது நரம்பு, சிலது சேதியை மேலே கொண்டுபோகும், சிலது உத்தரவைக் கீழே கொண்டுவரும் என்று. சூடு பட்டால் மூளையைக் கேட்டுக்கொண்டெல்லாம் கை காத்திருக்காது, தண்டுவடமே எடு என்று சொல்லிவிடும், மூளைக்கு அப்புறம்தான் தெரியும், அதனால்தான் கையை எடுத்த பிறகு ஐயோ என்கிறோம் என்றாய். அப்படியானால் கையை எடுக்காத மனுஷனைப் பார்த்ததும், சேதியே கிளம்பவில்லை என்று உனக்குத் தோன்ற வேண்டாமா? நம்மைக் கேட்காமல் தன்பாட்டுக்கு வேலை செய்கிற நரம்புகள் வேறு இருக்கின்றன, இதயத்துடிப்பு, செரிமானம், வியர்வை எல்லாம் அவற்றின் பொறுப்பு என்றும் சொன்னாய். அடுப்பு முன்னால் நிற்கிறவருக்குக் கால் மட்டும் வியர்க்காமல் காய்ந்து வெடிக்கிறது என்று நான் சொன்னபோது, மணக்க மணக்க ஒரு களிம்பு வாங்கி அனுப்பினாய். செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தார் என்றதற்கு, அப்பாவுக்கு மறதி என்று சிரித்தாய். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது டீச்சரம்மா. அவர் வெறுங்கையால் தட்டை உருவியதற்கு நானும்தான் கைதட்டினேன், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் என் பிழைப்பு ரொட்டி விற்பது, உன் பிழைப்பு இதைச் சொல்லிக்கொடுப்பது.

நாளை மறுநாள் காலையில் ஆபரேஷனுக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். வலிக்காத விரலை எதுக்கு வெட்டணும், வரமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார், அப்படி எழுதும்போதே எனக்குக் கை கூசுகிறது. நான் சொல்லி அவர் மண்டையில் ஏறவில்லை, டாக்டர் சொல்லியும் ஏறவில்லை, நீ சிரித்தது மட்டும் ஏறியிருக்கிறது. அதனால் இன்று சாயங்காலம் நீயே கூப்பிடு. அழாதே, சுற்றி வளைக்காதே, அப்பா நான் தப்பாப் பார்த்துட்டேன், வலிக்காததுதான் வியாதி என்று சொல். அது உன் வாயிலிருந்து வராமல் அவர் ஆஸ்பத்திரிப் படி ஏறமாட்டார். மானம் பார்க்காதே, அவர் பாதத்தைவிட அது பெரிதில்லை. லீவு கிடைத்தால் கிளம்பி வா.

வேளைக்குச் சாப்பிடு, வெறும் வயிற்றில் காப்பியைக் குடித்துவிட்டு ஓடாதே. அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வரலாமாம், நீயும் ரத்தம் கொடுத்துச் சர்க்கரை பார்த்துக்கொள், நாளைக்கே. என்ன திட்டினாலும் நீ என் வயிற்றில் பிறந்தவள். நூறு வயசு நன்றாக இரு, சூடு பட்டால் சுள்ளென்று வலிக்கிற கையோடும் காலோடும் இரு.

கோபம் தீராத
உன் அம்மா

பி.கு. எழுதி முடித்துவிட்டு அவருக்கு டீ கொண்டுபோனேன். டம்ளரில் கை வைக்காமல், சூடா இருக்கா என்று என்னைக் கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படிக் கேட்டதே இல்லை. டம்ளரைத் துணியில் சுற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். நீ கூப்பிடு.