உன் முகத்தின்கீழ் வேறொரு பெயர்

பழங்காநத்தத்து மக்களே! நம் தெருவில் வளர்ந்து, நம் கண்முன்னே தொலைக்காட்சியில் அரசியாக வீற்றிருந்த ஒருத்தியின் முகத்தின்கீழ், நாள்தோறும் காலையில் வேறொருவர் பெயரை எழுதிக் காட்டுகிறார்கள். அந்தக் கொடுமையைச் சொல்லவே உங்களை அழைத்தேன். ஆயினும் முதலில் அவளோடு பேச வேண்டும். அவளுக்கு எழுதிய மடலைப் படிக்கிறேன்; கேளுங்கள்.

தோழி, சென்ற வாரம் ஒரு காலை தேநீர்க்கடையில் உன் தொடரின் முகப்பிசை ஒலித்தது. மறுஒளிபரப்புத் தொடங்கிவிட்டார்கள். குவளையோடு நிமிர்ந்து பார்த்தேன். மணிமுடி சூடி, வாளை ஊன்றி நீ நின்றாய். ஆனால் ‘அரசியாக’ என்ற சொல்லை அடுத்து, நீ நோயில் விழுந்தபின் உன் இடத்திற்கு வந்தவரின் பெயர். தேநீர் குடிக்க வந்த வெளியூர்க்காரர் இருவர் திரையைப் பார்த்துப் பேசிக்கொண்டார்கள்.

“ராணி என்னமா முறைக்குது, மாப்ள!”

“ஆமாண்ணே. பேரு கீழ போட்டிருக்கான் பாருங்க.”

அவர்கள் உரக்கப் படித்தது அந்தப் பெயரைத்தான். உன் வீட்டிற்கு நாலு வாசல் தள்ளி நடந்தது இது. குவளையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

பள்ளி ஆண்டுவிழாவில் நீ அரசி, நான் அமைச்சர். திருச்சபைப் பள்ளியின் அந்தச் சிறு மேடையிலிருந்து இறங்கிய பின்னும் நீ என்னைப் பெயர்சொல்லி அழைத்ததில்லை. நான் சொற்பொழிவு மேடைகளுக்குப் போனேன். நீ நாடக மேடைகளில் அலைந்தாய். தலை நரைத்த பிறகுதான் உனக்கு அந்த அரசி வேடம் கிடைத்தது.

அழகர்கோவில் மலையடிவாரத்தில் போர்க்காட்சி எடுத்த நாளில் உன்னைப் பார்க்க வந்தேன். மரநிழலில் நின்றபடியே இட்லி தின்றுகொண்டிருந்தாய். உட்கார்ந்தால் கவசம் மடங்கிவிடுமாம். “அமைச்சரே, இது அம்புட்டும் பைபருடி. உள்ள வேர்த்து ஊத்துது, சொறியக்கூட முடியல” என்றாய். கோவிலுக்கு வந்த பெண்கள் உன்னைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களில் ஒருத்தி உன் கையைப் பிடித்தாள். “ஏத்தா ராணி, எங்க கம்மாய்க்குத் தண்ணியே வரல. நீயாச்சும் தெறந்து விடேன்.”

இட்லியை வாயில் அடக்கிக்கொண்டே நீ வாளை என்பக்கம் நீட்டினாய். “அமைச்சரே! இவர்கள் கண்மாய் நிறையும்வரை உமக்கு உணவில்லை!”

சிரிப்பில் மலையடிவாரமே அதிர்ந்தது. எனக்கு வைத்திருந்த இட்லியையும் நீயே தின்றாய்.

பிறகு நோய் வந்தது. “தேறி வாருங்கள், உங்கள் வேடம் காத்திருக்கும்” என்று தொடர்க்காரர்கள் சொன்னதை நீ நம்பினாய். மருந்தின் கொடுமையில் முடியெல்லாம் உதிர்ந்தபோதும், “மொட்டத்தலையா இருந்தா என்னடி, கிரீடம் மறைச்சிரும்ல” என்றாய். அந்த நம்பிக்கையில்தான் கஞ்சியையும் விழுங்கினாய்.

ஒரு மாலை, மருத்துவமனைக் கூடத்தில் செவிலிப்பெண் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டினாள். “அக்கா, ஒங்க நாடகம் வந்துருச்சு!” திரையில் அரண்மனைக் கதவு திறந்தது. உன் மணிமுடி திரும்பியது. அதன்கீழ் வேறு முகம். ‘இனி அரசியாக இவர்’ என்று ஒரு வரி ஓடி மறைந்தது. பக்கத்துப் படுக்கைப் பெண் திரையையும் உன்னையும் மாறிமாறிப் பார்த்தாள். “என்னக்கா, நீங்க இங்க கெடக்கீங்க, அங்க வேற ஆளு நிக்குது?”

“அவளுக்கும் நல்லாத்தான் இருக்கு” என்றாய் நீ. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தபின் மெல்லச் சொன்னாய்: “மாத்துனதுக்கு வருத்தமில்லடி. இம்புட்டு நாளு யாரு நடிச்சான்னு ஒரு வரி போட்டிருக்கலாம்ல.”

அதன்பின் நீ கஞ்சி கேட்கவில்லை. வீடு திரும்பவும் இல்லை.

உன் இடத்திற்கு வந்தவர்மீது எனக்குப் பகையில்லை. அவரும் உழைத்துப் பிழைப்பவர். ஆனால் நீ நடித்த பகுதிகளுக்கும் அவர் பெயரையே ஒட்டியது யார்? தொலைக்காட்சி நிலையத்திற்குப் பேசினேன். “ஒரே டைட்டில்தான் மேடம், எல்லா எபிசோடுக்கும் அதான் ஓடும். யாரு மேடம் இதையெல்லாம் பாக்குறா?” என்றான் ஒருவன். சொன்னதோடு இணைப்பைத் துண்டித்துவிட்டான். ஊர் ஊராய்த் தமிழின் மாண்பை முழங்கிய இந்த நாவுக்கு, உன் பெயரை ஒரே ஒரு வரியில் ஏற்றும் வலுவில்லை. இத்தனை ஆண்டு மேடையேறி நான் எதைத்தான் வென்றேன்? கைதட்டல் ஓய்ந்ததும் எல்லாரும் வீட்டிற்குப் போய்விடுகிறார்கள், தோழி. நானும்தான் போனேன்.

என்னை அமைச்சரே என்றழைக்க இனி எவருமில்லை. ஆயினும் அந்தப் பதவியை நான் துறக்கவில்லை. உன் பெயரை இம்மடலில் எழுதவும் இல்லை. அது முதலில் ஏறவேண்டிய இடம் அந்தத் திரை. மலையடிவாரத்தில் நீ விளையாட்டாய் இட்ட ஆணையை இன்று மெய்யாகவே ஏற்கிறேன். உன் பெயர் அங்கே ஏறும்வரை உன் அமைச்சருக்கு உணவில்லை.

மக்களே, மடல் முடிந்தது. கைதட்டாதீர்கள், வீட்டிற்கும் போகாதீர்கள். அந்த நிலையத்தின் மதுரை அலுவலக வாசலுக்கு இப்போதே போகிறேன். எழுந்து என்னோடு வாருங்கள். அவள் பெயர் உங்கள் அனைவருக்கும் தெரியும். அங்கே போய், அவர்கள் எழுதும்வரை அதை உரக்கச் சொல்லுங்கள்!