வானொலியில் பத்துப் பேர்

பகாலாய்
3 டிசம்பர் 1994

அன்பு மகள் ரோவெனாவுக்கு அம்மா எழுதுவது. எனக்கும் அப்பாவுக்கும் உடம்பில் குறை ஒன்றும் இல்லை, வேளைக்குச் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம். ரியாத்தில் குளிர் தொடங்கியிருக்கும், பணிக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போகிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். உன் கடிதம் நேற்று வந்தது. மேயர் அலுவலகத்திலிருந்து உன் ஆஸ்பத்திரிக்கே போன் செய்து தம்பி பிழைத்துவிட்டான் என்று சொன்னார்கள் என்றும், வார்டில் எல்லோருக்கும் பேரீச்சம்பழம் வாங்கிக் கொடுத்தாய் என்றும் எழுதியிருந்தாய். நின்றுகொண்டு படிக்கிறாய் என்றால் உட்கார்ந்துகொள். அந்தச் செய்தி தவறு. ஜூன் பிழைக்கவில்லை. முப்பது வருஷம் வாரப் பத்திரிகையில் மெய்ப்புப் பார்த்தவள் நான், திருத்தங்களை உள்பக்கத்தில் ஒளித்து வைப்பது எனக்குப் பிடிக்காது, அதனால் முதலிலேயே எழுதிவிட்டேன். நீ அவனுக்கென்று தனியாக எழுதி அனுப்பிய தாளை நான் படிக்கவில்லை, அவனுடைய சட்டைகளோடு வைத்துவிட்டேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். நவம்பர் ஐந்தாம் தேதி உன் தம்பியோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர் ஒரு விசைப்படகில் மீன்பிடிக்கப் போனார்கள். ஆறாம் தேதி புயல். ஒன்பதாம் தேதி காலையில் சாமார் தீவுப் பக்கத்துப் படகு ஒன்று ஒன்பது பேரைத் தூக்கியிருக்கிறது என்று வயர்லெஸ்ஸில் செய்தி வந்தது. வயர்லெஸ்ஸில் யாரும் முழுப்பெயர் சொல்வதில்லை. பாய், தோதோங், பென்ஹி, ஜூன் என்று ஒன்பது செல்லப்பெயர்கள், ஒரு சிகரெட் அட்டையில் எழுதி மேயரின் கையில் கொடுத்தார்கள். நம் மேயரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீ ஊரைவிட்டுப் போனபோது அவர் வெறும் மனோய் தமியாக வானொலியில் இருந்தார். பத்து வருஷம் தினமும் காலை ஆறரை மணிக்கு மேயர் அலுவலகம் தூங்குகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார், அதற்காகவே மக்கள் அவரை மேயர் ஆக்கினார்கள். நிகழ்ச்சியை அவர் விடவில்லை. இப்போதும் ஆறரை மணிக்கு மேயர் அலுவலகம் தூங்குகிறதா என்று கேட்கிறார், எட்டரை மணிக்கு அங்கே போய் உட்காருகிறார். கேட்பவர்களுக்கு இதில் முரண்பாடு எதுவும் தெரியவில்லை, குரல் அதே குரல்தான். ஊரில் எல்லோரையும் பெயர் சொல்லி அறிந்தவர் என்பது அவருக்குப் பெருமை. எனவே அந்த அட்டையை வைத்துக்கொண்டு நேரலையில், ஒவ்வொரு செல்லப்பெயருக்கும் முழுப்பெயரும் தெருப்பெயரும் தகப்பன் பெயரும் தன் நினைவிலிருந்து சேர்த்து வாசித்தார். படகில் இரண்டு ஜூன்கள் இருந்தார்கள், நம் ஜூன் ஒருவன், கருவாடு விற்கும் செலிங் பெரால்தாவின் மகன் இன்னொருவன். தகப்பன் பெயரை அப்படியே மகனுக்கு வைத்துவிட்டு ஜூனியர், ஜூன் என்று கூப்பிடும் ஊரில் இது ஆச்சரியமில்லை, ஒரு கல்லை எறிந்தால் ஏதாவது ஒரு ஜூன் மேல்தான் விழும். அட்டையில் ஜூன் ஒரு தடவைதான் இருந்தது. மேயர் அதை பொலிகார்ப்பியோ பிரகாயிஸ் ஜூனியர் என்று வாசித்தார்.

அப்பா அன்று தெருவில் எல்லோருக்கும் காப்பியும் பன்னும் வாங்கிக் கொடுத்தார். செலிங் வீட்டில் அதே நாள் கதவைத் திறந்து வைத்து, மெழுகுவத்தி ஏற்றி, ஒன்பது நாள் செபத்தைத் தொடங்கினார்கள். நானும் தினமும் போனேன். என் மகன் பிழைத்தவன் என்பதால் மற்ற பெண்கள் எனக்கு நல்ல நாற்காலி கொடுத்தார்கள், நான் கொஞ்சம் வெட்கத்தோடு உட்கார்ந்தேன். ஆறாம் நாள் சாயங்காலம், செபமாலை பாதியில் இருக்கும்போது, செலிங்கின் ஜூன் வாசலில் வந்து நின்றான். ஆஸ்பத்திரியில் கொடுத்த பச்சைச் சட்டை, கால் முழுக்கக் கட்டு. உள்ளே எட்டிப் பார்த்து, யாரு போயிட்டாங்க என்று கேட்டான். செலிங்தான், நீதான்டா, வந்து சாப்பிடு, பான்சித் ஆறிப்போகுது என்றாள். எல்லோரும் அவனைத் தொட்டுப் பார்த்தார்கள், சிலர் சிரித்தார்கள், அப்புறம் ஒவ்வொருவராக என் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். என் தட்டில் இருந்ததை நான் சாப்பிட்டு முடித்தேன். வீணாக்கக் கூடாது என்று தோன்றியது, வேறு எதுவும் தோன்றவில்லை. பிழைத்தவர்களை ஆஸ்பத்திரியிலிருந்து ஏற்றி வந்த அதே பஸ்ஸில் வந்த பென்ஹி என்னைத் தேடி வந்து, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான், அம்மா, அவனும் நானும் ஒரே ஐஸ் பெட்டி மூடியைப் பிடிச்சுக்கிட்டுக் கிடந்தோம், ரெண்டாவது நாள் விடியும்போது அவன் பக்கம் லேசாயிடுச்சு என்று. அவ்வளவுதான் சொன்னான். அது போதும்.

மறுநாள் காலை மேயர் இதை ஓர் அற்புதமாக அறிவித்தார். இறந்ததாகக் கருதப்பட்ட மகன் ஒருவன் தன் தாய் நடத்திய செபத்தின் நடுவே திரும்பி வந்தான் என்று அழகாகவே சொன்னார், எனக்கே ஒரு கணம் மயிர் கூச்செறிந்தது. ஆனால் பழைய பட்டியலில் இருந்து யாரையும் எடுக்கவில்லை. ஒன்பதோடு ஒன்று சேர்ந்து பத்தாயிற்று. பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் ஒன்பது பேர், வானொலியில் பத்துப் பேர். இரண்டு நாளில் நகராட்சி வாசலில் துணியில் எழுதிக் கட்டிவிட்டார்கள், பத்து உயிர்களை மீட்டுத் தந்த மனோய் தமிக்கு நன்றி என்று. மே மாதம் தேர்தல்.

இனி அப்பா. அவர் பென்ஹியை நம்பவில்லை. மூடியில தொங்கிட்டுக் கிடந்தவனுக்கு என்ன தெரியும், மேயர்கிட்ட செய்தி இருக்கு, பத்துன்னு இன்னிக்கும் சொன்னாரே, பத்தாவது ஆளு சாமார்லதான் ஏதோ ஆஸ்பத்திரியில கிடக்கான், பேர் சொல்ல முடியாத நிலையில இருப்பான் என்றார். உன் அப்பா முட்டாள் இல்லை, ஐஸ் தொழிற்சாலையின் இயந்திரங்களை இருபது வருஷம் ஓட்டியவர். ஆனால் எருமை காணாமற்போனதையும் புயல் எச்சரிக்கையையும் தன் சொந்த அண்ணன் மணிலாவில் இறந்த செய்தியையும் அவர் அந்தக் குரலில்தான் கேட்டிருக்கிறார். அந்தக் குரல் சொல்லாத எதுவும் அவருக்கு இன்னும் நடக்கவில்லை. தினமும் ஜூனின் பாயை விரித்து வைத்தார், காலையில் சுருட்டினார். பங்குச்சாமியாரிடம் பூசைக்குப் பெயர் கொடுக்க நான் புறப்பட்டபோது வாசலை மறித்து நின்றுகொண்டு, உயிரோட இருக்கிற பிள்ளைக்கு இரங்கல் பூசையா, வாயைக் கழுவு என்றார். நான் கழுவவில்லை, ஆனால் போகவும் இல்லை. துக்க வீட்டைப் பெருக்கக் கூடாது என்பார்கள். நம் வீட்டில் இன்னும் துக்கம் அறிவிக்கப்படவில்லை என்பதால் தினமும் பெருக்கினேன்.

மேயரை மூன்று முறை பார்த்தேன். முதல் முறை ஒலிபரப்பு அறைக்கு வெளியே, ஒரு நாள் பொறுங்க கும்மாரே, விசாரிக்கிறேன் என்றார். அவர் ஜூனுக்கு ஞானத்தந்தை அல்லவா, அந்த உறவில் எனக்கு அவர் கும்பாரே, அவருக்கு நான் கும்மாரே, அதில் அவர் ஒருபோதும் குறை வைத்ததில்லை. இரண்டாம் முறை அலுவலகத்தில், விசாரித்ததில் நான் சொல்வது சரி என்று ஒப்புக்கொண்டார். அப்படியானால் ஒரு வரி வாசித்துவிடுங்கள், என் வீட்டுக்காரர் நம்புவது உங்கள் குரலை மட்டும்தான் என்றேன். உங்களுக்கென்ன கும்மாரே, உங்க பேப்பர்ல தப்பு வந்தா ரெண்டாம் பக்கத்துல எறும்பு மாதிரி எழுத்துல போட்டுடுவீங்க, எனக்கு ஏது ரெண்டாம் பக்கம், ரேடியோவில எல்லாமே முதல் பக்கம் என்றார். பக்கத்தில் நின்ற உதவியாளர், துணியில வேற பத்துன்னு எழுதியாச்சு என்றார். மூன்றாம் முறை நான் போனது வாதம் செய்ய அல்ல. வாசிக்க வேண்டியதை நானே எழுதி, பிழை பார்த்து, மேசையில் வைத்தேன். மேயர் அதை இரண்டு தடவை படித்தார். அப்புறம் நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு, எனக்கு ஊர்ல நானூறு ஞானப்பிள்ளைங்க கும்மாரே, ஆனா அந்த அட்டையில ஜூன்னு பாத்ததும் வேற எந்த ஜூனும் ஞாபகத்துக்கு வரல என்றார். அழுதார் என்றுதான் நினைக்கிறேன், முதுகு தெரிந்தது. வானொலியில் வாசிக்கிறேன் என்று அவர் சொல்லவில்லை. வீட்டுக்கு வருகிறேன் என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நவம்பர் இருபத்தேழு, தனியாக வந்தார். அப்பாவுக்கு எதிரில் முக்காலியில் உட்கார்ந்து, அவர் முழங்காலில் கை வைத்து, கும்பாரே, நம்ம பையன் போயிட்டான் என்றார். மனோய் தமிக்கு இரண்டு குரல்கள் உண்டு என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. மைக் இல்லாத குரல் மெலிதானது, கொஞ்சம் மூக்கில் வருவது, யாருடையதாகவும் இருக்கலாம். அப்பா மரியாதையாகக் கேட்டுவிட்டு, அலைச்சல்ல இருக்கீங்க போல, நாளைக்குக் காலையில நிகழ்ச்சியில சொல்லுவீங்கல்ல, கேட்டுக்கிறேன் என்றார். மேயர் என்னைப் பார்த்தார். நான் எழுதிய தாளின் இன்னொரு பிரதி என்னிடம் இருந்தது, கொடுத்தேன். அவர் எழுந்து நின்றார், சட்டையை இழுத்துவிட்டார், ஒலிபரப்பாளர்கள் செய்வார்களே, அப்படி ஒரு கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வாசித்தார். பகாலாய் நேயர்களுக்கு ஓர் அறிவிப்பு. நவம்பர் ஆறாம் தேதிப் புயலில் சிக்கிய பொலிகார்ப்பியோ பிரகாயிஸ் ஜூனியர், வயது இருபத்தாறு, கடலில் இறந்தார். முன்பு வாசிக்கப்பட்ட பட்டியலில் அவர் பெயர் தவறாக இடம்பெற்றது. அந்தத் தவறாக என்ற சொல்லில் ஒரு முறை தொண்டையைச் செருமினார், ஆனால் தாண்டிப் போகாமல் வாசித்தார். பிழைத்தவர்கள் ஒன்பது பேர். தாள் அங்கே முடிந்துவிட்டது. குரல் நிற்கவில்லை, நேரம் இப்போது மூன்று மணி இருபது நிமிடம் என்றும் சொன்னது. நிகழ்ச்சிக்கு விளம்பரம் தரும் இருமல் மருந்தின் பெயரைச் சொல்வதற்குள் நிறுத்திக்கொண்டார். அப்பா கைக்கடிகாரத்தைக் கழற்றி இரண்டு நிமிடம் தள்ளி வைத்தார். அப்புறம் ஒன்பதா என்று கேட்டார். ஒன்பதுதான் கும்பாரே என்றார் மேயர். அப்பா கொஞ்ச நேரம் கடிகாரத்தையே பார்த்துவிட்டு, அப்ப உக்கார இடம் வேணும், ஜனங்க வருவாங்க, உங்க ஜீப்புல கோயில் பெஞ்சை எடுத்தாந்து தர முடியுமா என்றார்.

பெஞ்சு வரவில்லை, நாற்பது பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன, ஒவ்வொன்றின் முதுகிலும் மனோய் தமியின் அன்பளிப்பு என்று எழுதியிருக்கிறது. எழுத்துப் பிழை இல்லை. அன்றே செபத்தைத் தொடங்கினோம், நான் பெருக்குவதை நிறுத்தினேன். திங்கட்கிழமை காலை வானொலியில் மறுபடியும் பத்துப் பேர்தான். அப்பா முழுவதும் கேட்டார், வானொலியை அணைத்துவிட்டு, அங்க அவருக்குப் பத்து வேண்டியிருக்கு போல என்றார், மீன் செதில் எடுக்கப் போய்விட்டார். நான் கோபப்பட வேண்டும் என்று எனக்குத் தெரியும். இன்னும் வரவில்லை, வந்தால் எழுதுகிறேன்.

செபத்தில் ஒவ்வொரு நாளும் இறந்தவரின் பெயரை வீட்டு ஆண் சொல்ல வேண்டும், அது நம் தெரு வழக்கம். ஐந்து நாளும் அப்பா வாயைத் திறக்கவில்லை, நான்தான் சொன்னேன். நேற்று ஆறாம் நாள். செபம் நடத்தும் ஒந்தாய் வழக்கம்போல என் பக்கம் திரும்புவதற்கு முன் அப்பா எழுந்து, பொலிகார்ப்பியோ பிரகாயிஸ் என்றார். ஒந்தாய் வயதானவள், கணக்காகச் செய்பவள், பெரியவரா, ஜூனியரா, தெளிவாச் சொல்லுங்க, மேலே ஆள் மாறிடக் கூடாது என்றாள். அப்பா யோசித்தார். எப்படி வேணா எழுதிக்கங்க என்று சொல்லி உட்கார்ந்தார். நான் எழுந்து ஜூனியர் என்று சேர்த்தேன்.

நீ புறப்பட்டு வர வேண்டாம். புதைக்க எதுவும் இல்லை, உன் ஒப்பந்தம் ஆகஸ்ட் வரைக்கும் இருக்கிறது, இடையில் விட்டால் பாஸ்போர்ட்டைத் தரமாட்டார்கள் என்று நீதான் எழுதியிருந்தாய். அங்கே மெழுகுவத்தி ஏற்ற முடியாது என்று தெரியும், குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னாலும் செபம் செபம்தான். துக்கத்துக்கான கறுப்பு ஊசியைச் சீருடைக்கு உள்பக்கம் குத்திக்கொள், ஒரு வருஷம். பேரீச்சம்பழம் சாப்பிட்டவர்களிடம் நீயாகப் போய்ச் சொல்ல வேண்டாம், கேட்டால் சொல். அழுகை வந்தால் பணி நேரத்துக்கு வெளியே வைத்துக்கொள், நோயாளிகள் தங்களுக்குத்தான் ஏதோ ஆகப்போகிறது என்று நினைப்பார்கள். வேளைக்குச் சாப்பிடு. அப்பா உன் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்க வேண்டும் என்றார், கை எட்டாததால் இந்தத் தாளில் போட்டிருக்கிறார், கீழே இருப்பது மை சிந்தியது அல்ல. கன்னி மாதா உன்னைக் காப்பாளாக.

ஒன்று நினைவில் வை. கிறிஸ்துமஸுக்கு வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் மேயர் அலுவலகத்திலிருந்து வாழ்த்துச் சொல்லப் போன் வரும். உன் தம்பி ஜூன் நலமாக இருக்கிறான் என்று அவர்கள் மறுபடியும் சொன்னால், கோபப்படாமல், எந்த ஜூன் என்று கேள்.

உன் அம்மா,
பாஸ் பிரகாயிஸ்