நீ சொல்லாத பொய்

என் தயா அண்ணனுக்கு, சண்டை போட ஆளில்லாமல் போன உன் தங்கை எழுதுவது.

இன்று சாயங்காலம் நீ டிவியில் வரப்போகிறாய். உன் பேரை வைத்துக்கொண்டு, உன்னை மாதிரியே கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, ஒரு தெலுங்குப் பையன் வருவான். காலையிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அம்மா திட்டிவிட்டாள். “இன்னாத்துக்குடி இங்கயும் அங்கயும் சுத்தினே கீற? போய் துணியாவது மடி.” மடித்தேன். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தேன்.

நீ தமிழ் வர்ணனை சொன்ன அந்தக் கால்பந்து நிகழ்ச்சியை வைத்து ஒரு தொடர் எடுத்திருக்கிறார்கள் அண்ணா. ஆட்டக்காரர்கள் அதில் ஓரமாகத்தான் வருகிறார்கள். ஆட்டத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்த உங்கள் கும்பல்தான் கதையே: கத்திக்கொண்டே இருக்கும் தயாரிப்பாளர், ரீப்ளே போடுகிறவர், ஒவ்வொரு மொழிக்கும் ஒரு வர்ணனையாளர். இங்கே ஐதராபாத் சனத்நகரில் மூடிக் கிடந்த ஒரு பட்டறைக்குள் உங்கள் ஸ்டுடியோவை அப்படியே கட்டிவிட்டார்கள். தமிழ் வசனம் எழுத என்னைக் கூப்பிட்டார்கள். டப்பிங் சீரியல்களுக்கு எழுதித் தேய்ந்த கை என்பதாலா, உன் தங்கை என்பதாலா, நான் கேட்டுக்கொள்ளவில்லை.

முதல் நாள் அங்கே கட்டியிருந்த சின்ன வர்ணனை அறையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ ஆட்டத்தைப் பார்த்ததெல்லாம் இப்படி ஓர் அறையில், ஒரு டிவிப் பெட்டியில்தானே? ஆட்டம் கல்கத்தாவில் நடக்கும், கோவாவில் நடக்கும். நீ ஐதராபாத்தில் ஏசி குளிருக்கு மப்ளர் சுற்றிக்கொண்டு பேசுவாய். எங்கே இருக்கிறோம் என்பதை மட்டும் சொல்லக் கூடாது என்பது சேனலின் கட்டளை. அரக்கோணத்து மாமா அம்மாவுக்குப் போன் போட்டு, “நேத்து கல்கத்தா, இன்னிக்கி கோவாவா? உன் புள்ள ஏரோபிளேன்லயே குடித்தனம் பண்றான் போல” என்பார். அம்மாவும் “ஆமாண்ணா” என்று பூரித்துப்போவாள். நீ மட்டும் எழுந்து வெளியே போய்விடுவாய்.

கோல் விழுமுன்பே நீ கூவ ஆரம்பிக்கும் சமாசாரத்தை உன் வேஷம் போடும் அந்தப் பையனுக்கு விளக்கவே ஒரு பொழுது ஆனது. மைதானத்துச் சத்தம் ஒரு வழியில் வரும், படம் வேறு வழியில் வரும். சத்தம் கொஞ்சம் முந்திக்கொள்ளும். ஹெட்போனில் கூட்டம் எழுந்து கத்துவது கேட்டதுமே நீ குரலை ஏற்ற ஆரம்பிப்பாய். அதற்கப்புறம்தான் டிவியில் பந்து வலைக்குள் போகும். பார்க்கிறவர்கள் உன்னை ஜோசியக்காரன் என்றார்கள். உனக்கும் அதில் ஒரு கர்வம் இருந்தது, இல்லை என்று சொல்லாதே.

நீ கடைசியாகப் பேசிய அந்த ஆட்டத்திலும் கூட்டம் கத்தியது. நீ “கோல்!” என்று கூவிவிட்டாய். பிறகு படம் வந்தது. பந்து கம்பத்துக்கு வெளியே போய், வெளிப்பக்கமிருந்து வலையில் மோதியிருந்தது. வலை உப்பியதைப் பார்த்து, எதிர்ப்பக்கம் இருந்தவர்கள் எல்லாரும் கோல் என்றே எழுந்துவிட்டார்கள். ஒரு மைதானமே ஏமாந்தது, பழி மட்டும் உன் தலையில் விழுந்தது.

அதற்கப்புறம் நீ பேசியது எனக்கு மனப்பாடம். “மன்னிச்சுக்குங்க. நான் மைதானத்துல இல்ல. ஐதராபாத்துல ஒரு ரூம்ல உக்காந்து, உங்கள மாதிரியே டிவி பாத்துதான் பேசறேன். கூட்டம் கத்துச்சு, நம்பிட்டேன்.”

தப்பாகக் கூவியதை அவர்கள் மன்னித்திருப்பார்கள். அறையைக் காட்டிக்கொடுத்ததைத்தான் மன்னிக்கவில்லை. அடுத்த ஆட்டத்துக்கு உன் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். நீ இதே ஊரில் ஜீடிமெட்லாவில் மருந்துக் கம்பெனி குடோனுக்கு வேலைக்குப் போனாய், போன வருஷம் அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாயும்வரை. வெயில், வெளிச்சம் என்று ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்திருக்கலாமே அண்ணா. ஏன் சொல்லவில்லை? பிறகு வருத்தப்பட்டாயா?

நீ சொல்லாத அந்தச் சாக்கை அவர்கள் உன் வாயில் வைத்துவிட்டார்கள். என்னிடம் கொடுத்த கதையில் நீ கோல் என்று கூவுகிறாய், படம் வருகிறது, நீ திருதிருவென்று விழித்துவிட்டு, “மைதானத்துல லைட்டு கண்ணக் கூசிடுச்சு நேயர்களே!” என்கிறாய். ஸ்டுடியோவே விழுந்து விழுந்து சிரிக்கிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதையாக உன்னை ஆக்கிவிட்டார்கள். படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அதை அடித்துவிட்டு நீ சொன்னதையே எழுதிக் கொடுத்தேன். இயக்குநர் கெட்டவர் இல்லை. பொறுமையாகத்தான் சொன்னார். “மேடம், நிஜம் வேற, சீன் வேற. இந்த இடத்துல ஜனங்க சிரிக்கணும்.”

“சிரிக்கட்டும் சார். தப்பாக் கத்தினதுக்குச் சிரிக்கட்டும். பொய் சொன்னான்னு சிரிக்க வேணாம். பொய் சொல்லாததுக்கு அவன் வேலையையே குடுத்திருக்கான்.”

கடைசியில் இரண்டு விதமாகவும் எடுத்தார்கள். நீ சொன்னதைச் சொல்லி முடித்ததும் அந்தப் பையன் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு என்னிடம் வந்தான். “அக்கா, இது சொன்னதுக்கா உத்யோகம் போச்சு?” என்றான். “ஹவ்” என்று இந்த ஊர் உருதுவில் ஆமாம் சொன்னேன்.

எது எடிட்டிங்கில் தப்பியது என்று தெரியாது. போன் போட்டால், “டிவியில பாருங்க மேடம்” என்று சிரிக்கிறார் இயக்குநர். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அம்மாவோ அரக்கோணம் வரைக்கும் போன் போட்டு எல்லாரையும் பார்க்கச் சொல்லிவிட்டாள். மத்தியானம் வேறு வழியில்லாமல் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்த கை நின்றுவிட்டது.

“அன்னிக்கி அவன் அப்டிச் சொன்னதும் உங்க மாமா போன் போட்டுக் கேட்டாரு. ஆமா, என் புள்ள ரூம்லதான் கீறான், அதுக்கு இன்னா இப்பன்னு கேட்டுட்டு வெச்சிட்டேன். எனுக்கு ஒரு வெக்கமும் இல்ல.” அரிசியை உலையில் போட்டுவிட்டு, “பொய் சொல்ற மாதிரி காட்டினா எனுக்கு நக்கோ, வேணாம். ஆனா அவன் பேரச் சொல்லிக் கூப்புடுவாங்க இல்ல? அத மட்டும் கேக்கணும்” என்றாள்.

இதோ இப்போதே டிவி எதிரில் வந்து உட்கார்ந்துவிட்டாள். தொடங்க இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கிறது. புதுப்புடவை வேறு.

ஒன்று முடிவு செய்துவிட்டேன் அண்ணா. அந்தக் காட்சி எங்கே வரும் என்று எனக்குத் தெரியும், வசனம் எழுதியவளே நான்தானே. உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதை அம்மா கேட்கட்டும். நீ கோல் என்று கூவியதும் சத்தத்தை நிறுத்திவிடுவேன். அந்தப் பையன் எந்த வசனத்துக்கு வாயசைக்கிறான் என்று நான் பார்க்கப்போவதில்லை. அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அன்று நீ சொன்னதை ஒரு சொல் மாறாமல் நான் சொல்வேன். தன் பிள்ளை பொய் சொல்லி அவள் இதுவரை கேட்டதில்லை. இன்றும் கேட்க மாட்டாள்.

இப்படிக்கு,
உன் கூடப்பிறந்தவள்
சரசு