நின்ற நேரம்

6ஆம் திகதி, திங்கள். காலையில் தூறல்.

எழுத்து கோணல்மாணல். வரி மேலே ஏறுகிறது, கீழே விழுகிறது. யாரிடம் மன்னிப்புக் கேட்பது? வாசிக்கப் போவதும் நான்தான். அறுபத்தேழு வயதில் எழுதப் பழகியவன், ஒரு பக்கத்துக்கு ஒரு மணித்தியாலம். கோயில் வகுப்பு சிஸ்டர், "நாளாந்தம் எழுதுங்கோ அந்தோனி, கை தன்பாட்டில வரும்" என்றார். ஒரு சொல்லை முடித்துவிட்டுத் திரும்ப வாசித்துப் பார்ப்பதில் எத்தனை சந்தோஷம்.

கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ். வெள்ளவத்தையில் முதலாளி வீடு. அங்கே ஒரே அளவில் இரண்டு கார். வெள்ளை, பெற்றோலில் ஓடுவது, பன்னிரண்டு வருடமாக என் கையில். சாம்பல், புது ஹைபிரிட், பெற்றோலும் பற்றரியும் சேர்ந்து ஓடுவது, அவருடைய மருமகன் ஓட்டுவது. இரண்டும் தினமும் முதலாளியின் கிராண்ட்பாஸ் ஸ்டோருக்குப் போய் வரும்.

மருமகன் இன்று வெள்ளைக் காரின் கணக்குக் கொப்பியைப் புரட்டினார். "என்ர கார் லீற்றருக்குப் பதினாறு ஓடுது. இது ஏழு. அந்தோனியண்ணை, கார் குடிக்குதோ, நீங்கள் வித்துக் குடிக்கிறீங்களோ?"

முதலாளி சிரிக்கவில்லை. மறுக்கவுமில்லை. "ஒரு கிழமை பாப்பம்" என்றார்.

நான் சாராயத்தை விட்டு இருபது வருடம்.

செவ்வாய். புழுக்கம்.

கொப்பியில் இரண்டே கட்டம். ஓடிய தூரம், அடித்த பெற்றோல். இவ்வளவு காலமும் நான் வாயால் சொல்ல, ஸ்டோர் கிளாக் எழுதினார். இன்று நானே. கோடு கீறி மூன்றாவது கட்டமும் போட்டேன்: நின்ற நேரம்.

சோதனைச் சாவடி வரிசை, காலை 35 நிமிடம். பின்னேரம் 50.

முன்னால் மருமகனின் கார். நின்றவுடன் அதன் எஞ்சின் தானாக அணைகிறது. மூச்சே இல்லை. என்னுடையது நின்ற இடத்திலேயே குடித்தபடி.

ஏன் அணைப்பதில்லை? ஒருமுறை அணைத்தேன். ஆமிக்காரன் போகச் சொல்லிக் கை காட்டியபோது ஸ்ராட் ஆகவில்லை. அடையாள அட்டையில் தமிழ் எழுத்து, நடுவீதியில் அசையாத கார். அவன் துவக்கு என் நெஞ்சுக்கு நேரே. பின்னால் நின்றவர்கள் குண்டு வைத்த கார் என்று நினைத்துத் தங்கள் கார்களை விட்டு ஓடினார்கள். அதற்குப் பிறகு வரிசையில் நிற்கும்போது சாவியைத் தொடுவதில்லை. அது பிழை என்றால் என் பிழை.

வியாழன். மழை.

யாரோ பெரியவர் போகிறார் என்று வீதி மறிப்பு. 70 நிமிடம். எஞ்சின் ஓடியபடி. வைப்பர் ஒன்று வேலை செய்யவில்லை.

கொப்பியில் குறித்துக்கொண்டிருந்தேன். ஆமிப் பெடியன் கண்ணாடியில் தட்டினான். "மொனவத லியன்னே?" என்ன எழுதுகிறாய் என்று.

"பெற்றோல் கணக்கு, மாத்தயா."

வாங்கித் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தான். பிறகு கொடுத்துவிட்டான். எழுதுகிறவன் என்று என்னைச் சந்தேகப்பட்டார்கள்! பயம் வரவேண்டிய இடத்தில் பெருமை வந்தது.

சனி. வெயில்.

கொப்பியைக் கொடுத்தேன். முதலாளி ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தார்.

"அப்ப நீங்கள் களவெடுக்கேல்லை."

"இல்லை ஐயா."

மருமகன் ஃபோனைப் பார்த்தபடி.

"ரோட்டுத்தான் களவெடுக்குது" என்றார் முதலாளி. "சண்டை முடியுமட்டும் இந்த ஊரில பெற்றோல் கார் வச்சிருக்கிறவன் மடையன். வெள்ளையை வித்துப்போடுவம்."

"அப்ப நான்?"

"சாம்பலைத் தம்பி ஓடுறார்தானே, அண்ணை."

தேத்தண்ணி வந்தது. குடித்தேன். சீனி கூடிவிட்டது.

ஞாயிறு. பூசைக்குப் பிறகு.

நேற்று முழுவதையும் எழுத மனம் வரவில்லை. புறப்படும்போது முதலாளி ஒரு தாளை நீட்டினார். "இப்பதான் எழுதத் தெரியுமே, அண்ணை. நீங்களாகவே வேலையை விடுறதா ஒரு கடிதம் தந்திட்டுப் போங்கோ. பிறகு ஒரு கதை வரக்கூடாது."

கைநாட்டுப் போடச் சொல்லியிருந்தால் மறுத்திருப்பேன். எழுதச் சொன்னதும் கை தன்பாட்டில் பேனையை எடுத்துவிட்டது. ஐந்து வரி. 'சுயவிருப்பத்தின்படி' என்ற இடத்தில் மட்டும் தடுமாறினேன். மருமகன் எழுத்துக்கூட்டிச் சொன்னார்.

நான் எழுதிய முதல் கடிதம் அது. பிழையில்லை என்றார்கள். அடுத்த கிழமை இன்னொன்று எழுதவேண்டும், வேலை கேட்டு. யாருக்கென்று தெரியவில்லை.