நான்கு வீட்டுக்கு ஒரு முற்றம்

நாகர்கோவில்,
3 ஜூன் 1934

ஜெபகுமாரிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. திருச்சபையை விட்டு வள்ளிநாயகத்தைக் கட்டிக்கொண்டு போன நாளில் கேட்காத அனுமதியை, அவருக்குக் காசநோய் என்றதும் கேட்கிறாய். என் வீட்டுக்குப் பின்னால் உள்ள லைனில் நான்காம் வீடு காலி. வரலாம். நான்கு வீட்டுக்கும் கிணறு ஒன்று, முற்றம் ஒன்று, தெருவுக்குப் போகப் பக்கத்தில் ஒற்றை ஆள் போகும் முடுக்கு ஒன்று. என் முன்வாசல் குடித்தனக்காரர்களுக்கு அல்ல.

முற்றத்தில் என்னை அம்மா என்று கூப்பிடாதே. எனக்குப் பிள்ளை இல்லை என்றுதான் அங்கே சொல்லியிருக்கிறேன்.

சத்தியபாய்

நான்காம் வீடு,
20 ஜூலை

அன்புள்ள அம்மாவுக்கு,

இருபதடி தூரத்துக்குக் கடிதம் எழுதுகிறேன். நேற்றுக் கிணற்றடியில் முதல் வீட்டுப் பார்வதியம்மாள், "ஏட்டி, ஒனக்க அம்மை எங்க? மாப்பிள்ளை இந்தக் கெடப்பு கெடக்கான், ஒருத்தியும் எட்டிப் பாக்கல்லியே?" என்றாள். நீங்கள் ஜன்னலில் நின்றீர்கள். "செத்துப் போச்சு அக்கா" என்றேன். அப்போதும் சும்மாதான் நின்றீர்கள்.

அவருக்குக் காலை வெயில் வேண்டுமாம். முற்றத்தில் கட்டில் போடலாமா? மற்ற மூன்று வீட்டாருக்கும் சம்மதம்.

உங்கள் மகள்,
ஜெபகுமாரி

21 ஜூலை

ஜெபகுமாரிக்கு,

முற்றம் நெல் காயவும் துணி உலரவும். இருமுவதற்கு அல்ல. இறந்துபோனவளுக்குக் கடிதம் எழுதுவதையும் நிறுத்து.

சத்தியபாய்

9 செப்டம்பர்

அம்மாவுக்கு,

நேற்று அவர் போய்விட்டார். முடுக்கின் வளைவில் பாடை திரும்பவில்லை. உங்கள் கூடம் வழியாக நேரே தெருவுக்கு எடுக்கலாம் என்று இரண்டாம் வீட்டுக் கோலப்பன் அண்ணன் பின்கதவைத் தட்டினார். உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. பிறகு அவரை அவிழ்த்து, அண்ணன் தன் முதுகில் கட்டிக்கொண்டு முடுக்கைத் தாண்டினார். கால் இரண்டும் தரையில் இழுபட்டன.

ஜெபகுமாரி

2 பிப்ரவரி 1935

என் மகளே,

கிணற்றடியில் வழுக்கி இடுப்பு முறிந்து எட்டு நாளாகப் படுத்திருக்கிறேன். வேலைக்காரி பகவதி என்னை மாட்டைப் புரட்டுவதுபோலப் புரட்டுகிறாள். இனி எழுந்திருக்க மாட்டேன் என்கிறார் டாக்டர். முன்வாசல் திறந்திருக்கிறது. வா.

உன் அம்மா

3 பிப்ரவரி

வீட்டுக்காரி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் பகவதி முற்றத்தில் வைத்துத் தந்தாள். எல்லாரும் இருந்தார்கள். உங்கள் ஜன்னலும் திறந்திருந்தது. "என்னவாம்?" என்று பார்வதி அக்கா கேட்டாள். உரக்க வாசித்தேன்.

"ஆருக்க மவ?" என்றாள்.

"ஆளு மாறி வந்துட்டு அக்கா" என்றேன். கேட்டிருப்பீர்கள்.

கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

ஜெபகுமாரி,
நான்காம் வீடு